வெயிலுக்குக் கணக்கு

சூரிய மின்நிலையத்தில் எரிபொருளை அளக்க ஒரே வழிதான் உண்டு: பேனல்களுக்குப் பக்கத்தில், அதே வெயிலில், அளவுகருவி ஒன்றை வைப்பது. அனல் மின்நிலையத்துக்கு வரும் நிலக்கரி எடைபோடப்படுகிறது. அதன் சாம்பல் அளவும் வெப்ப மதிப்பும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகின்றன. அதற்கு விலைச்சீட்டும் உண்டு. வெயிலுக்குச் சீட்டு கிடையாது. நேற்றுக் காலை பத்து மணிக்கு எவ்வளவு வெயில் விழுந்தது என்பதை இன்று போய்ச் சரிபார்க்க முடியாது. அந்த நிமிடத்தில் அளந்ததுதான் கணக்கு. அளக்காமல் விட்டது விட்டதுதான்.

ஹைதராபாத்துக்கு வடகிழக்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், பெத்தபள்ளி மாவட்டத்து ராமகுண்டத்தில், இந்த இரண்டு எரிபொருள்களும் அருகருகே மின்சாரமாகின்றன. என்.டி.பி.சி.யின் 2,600 மெகாவாட் அனல் நிலையத்துக்கு சிங்கரேணிச் சுரங்கங்களின் நிலக்கரி வருகிறது. அதே நிலையத்தின் நீர்த்தேக்கத்தில், 500 ஏக்கர் பரப்பில் மிதக்கும் 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2022 ஜூலை 1 முதல் முழு அளவில் இயங்குகிறது. அது 40 தொகுதிகள் கொண்டது. ஒவ்வொரு தொகுதியும் 2.5 மெகாவாட், ஒவ்வொன்றிலும் 11,200 பேனல்கள். ஹைதராபாத்துக்குத் தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில், ஆந்திரத்தின் அப்போதைய கர்நூல் மாவட்டத்தில், 5,932 ஏக்கரில் 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா 2017இல் முழுமை பெற்றது. தெலங்கானாவோ தன் பெரும்பகுதி சூரிய மின்சாரத்தை இப்படி ஒரே இடத்தில் குவிக்கவில்லை. 2015ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின், துணைமின் நிலையங்களை ஒட்டிய சிறு, நடுத்தர நிலையங்களாக மாவட்டங்கள்தோறும் அதைப் பரப்பியது. மூன்றும் மூன்று விதமான அமைப்புகள். வெயிலை அளப்பதில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

நேராக வருவதும் சிதறி வருவதும்

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,361 வாட் ஆற்றல் விழுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால் இது 3 சதவீதத்துக்கு மேல் கூடும். ஜூலைத் தொடக்கத்தில் அதே அளவு குறையும். காற்று, நீராவி, ஓசோன், தூசி ஆகியவற்றைக் கடந்து தரைக்கு வரும்போது, தெளிந்த நண்பகலில் ஏறத்தாழ 1,000 வாட் மிஞ்சுகிறது. பேனல்களின் திறனைக் குறிக்கத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளும் அளவும் இதே 1,000 வாட்தான்.

தரைக்கு வருவது ஒரே வழியில் வருவதில்லை. சூரிய வட்டத்திலிருந்து நிழல் விழும்படி நேராக வருவது நேர்க்கதிர். காற்றும் மேகமும் சிதறடித்து வானம் முழுவதிலிருந்தும் வருவது சிதறொளி. கிடைமட்டப் பரப்பில் விழும் இரண்டின் கூட்டுத்தொகையைத் துறையினர் ஜி.எச்.ஐ. என்கிறார்கள், நேர்க்கதிர் டி.என்.ஐ., சிதறொளி டி.எச்.ஐ. நேர்க்கதிர் சாய்வாக விழும்போது பரந்து மெலிவதால், அதைக் கோணத்துக்கு ஏற்பக் குறைத்தே கூட்ட வேண்டும். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருக்கும்போது நேர்க்கதிர் 800 வாட், சிதறொளி 150 வாட் என்றால், கிடைமட்டப் பரப்பில் விழுவது 950 அல்ல, சுமார் 843 வாட்தான். மூன்றையும் தனித்தனியே அளக்கும் நிலையத்துக்கு இந்தச் சமன்பாடு ஒரு தணிக்கையாளர். மூன்றில் ஒரு கருவி பொய் சொன்னால் கணக்கு இடிக்கும்.

மின்நிலையத்துக்கு நான்காவது அளவு ஒன்று வேண்டும். பேனல் கிடைமட்டமாக இருப்பதில்லை. தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அல்லது சூரியனைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்புகிறது. அந்தச் சாய்தளத்தில் விழும் ஒளியே பேனல் உண்மையில் பெறும் எரிபொருள். அதன் பெயர் பி.ஓ.ஏ. ஹைதராபாத் 17.4 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், இந்த நான்காவது அளவு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மே 9ஆம் தேதி வாக்கிலும் ஆகஸ்ட் 3ஆம் தேதி வாக்கிலும் நண்பகலில் சூரியன் நகரத்தின் உச்சிக்கு நேராக வரும். அவை ஹைதராபாத்தின் நிழலில்லா நாட்கள். அவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். தெற்கே 15 பாகை சாய்ந்த பேனல் அப்போது வெற்றுத் தரையைவிடக் குறைந்த நேர்க்கதிரையே பெறுகிறது. டிசம்பரில் நிலைமை தலைகீழ்: நண்பகல் சூரியன் 49 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது, அதே பேனல் தரையைவிட ஏறக்குறைய 19 சதவீதம் அதிக நேர்க்கதிரைப் பிடிக்கிறது. தரை அளவை மட்டும் வைத்துக்கொண்டு பேனலின் விளைச்சலை மதிப்பிடுவது ஏன் தவறாகும் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

கண்ணாடிக் குமிழுக்குள்

ஜி.எச்.ஐ., பி.ஓ.ஏ. இரண்டையும் அளப்பது பைரனோமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் கனமான உலோக உடல், அதைச் சுற்றி வெள்ளை நிழல் தட்டு, மேலே சுமார் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடி, அதற்குள் கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு வட்டத் தகடு. தகட்டின் அடியில் இரு வேறு உலோகங்களை மாறி மாறி இணைத்த பல சந்திகள் இருக்கின்றன. ஒரு முனை கறுப்புத் தகட்டைத் தொடுகிறது. மறுமுனை கனத்த உடலைத் தொடுகிறது. வெயில் பட்டுத் தகடு சூடேறும்போது இரு முனைகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடு உண்டாகி, அதற்கு ஏற்ப மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. நண்பகல் வெயிலிலும் அது சில மில்லிவோல்ட்தான், பத்து என்ற எண்ணைச் சுற்றியே நிற்கும். கோடிக்கணக்கான ரூபாய்க்கான ஒப்பந்தக் கணக்கு இந்தச் சில மில்லிவோல்ட்டில் தொடங்குகிறது.

இரட்டைக் கண்ணாடி அழகுக்காக அல்ல. காற்று கறுப்புத் தகட்டைக் குளிர்வித்தால் அளவு குறைந்துவிடும். வெளிக்கண்ணாடி அதைத் தடுக்கிறது. தெளிந்த வானம் தரையைவிடக் குளிர்ந்திருப்பதால் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. உள்கண்ணாடி அந்த இழப்பு தகட்டை எட்டாமல் குறைக்கிறது. முழுவதும் தடுக்க முடிவதில்லை. அதனால்தான் இரவில் நல்ல பைரனோமீட்டரும் பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரு வாட் காட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைப் பழுது என்று நினைத்து மென்பொருளில் பூஜ்யமாக்கிவிடுவதுண்டு. அப்படிச் செய்யக் கூடாது. இரவில் காட்டும் அந்தச் சிறு எதிர்மறை எண், கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கும் மின்கம்பிகள் சரியாக இருக்கின்றன என்பதற்கும் அன்றாடச் சான்று.

நேர்க்கதிரை மட்டும் அளக்கும் பைர்ஹீலியோமீட்டர் ஒரு குழாய். சூரியனைத் துல்லியமாகத் தொடரும் இயந்திரத்தின் மேல் பொருத்தப்பட்டு, சுமார் 5 பாகை அகலமுள்ள சிறு வட்டத்தை மட்டும் பார்க்கும். அதே இயந்திரத்தின் மேல் ஒரு சிறு பந்து இன்னொரு பைரனோமீட்டருக்குச் சூரியனை மறைத்துக்கொண்டே நகர்ந்தால், அந்தக் கருவி சிதறொளியை மட்டும் அளக்கும். இவை விலை கூடியவை, பராமரிப்பும் அதிகம். சாதாரண பேனல் நிலையங்களில் இவை அரிது. ஆய்வு நிலையங்களில்தான் முழுத் தொகுப்பும் இருக்கும்.

சிலிக்கான் உணர்கருவியும் உண்டு. இது பேனலைப் போலவே ஒளியை மின்சாரமாக்கும். விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் சூரிய ஒளியின் எல்லா அலைநீளங்களையும் இது சமமாகப் பார்ப்பதில்லை. அகச்சிவப்பின் ஒரு பெரும்பகுதி இதன் கண்ணுக்குத் தெரியாது. பேனலின் நடத்தையை ஒப்பிட இது உதவும். எரிபொருளின் முழு அளவைச் சொல்ல, வெப்பத்தை அளக்கும் பைரனோமீட்டரே பொருத்தம். ஐ.எஸ்.ஓ. 9060 தரநிலை 2018 திருத்தத்தில் இக்கருவிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரித்தது. பெரிய நிலையங்களுக்கு ஏ வகுப்பே உரியது.

டாவோஸ், புனே, பள்ளிக்கரணை

ஒரு பைரனோமீட்டர் 843 வாட் என்று சொன்னால் அதை எதன் பேரில் நம்புவது? ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உணர்திறன் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தருவதற்கு மேலான கருவி ஒன்று வேண்டும்; அதற்கும் மேலான ஒன்று வேண்டும். இந்தச் சங்கிலி சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உள்ள உலகக் கதிர்வீச்சு மையத்தில் முடிகிறது. அங்கே உள்ள தலைமைக் கருவிகளில் வெயில் ஒரு கறுத்த குழிக்குள் விழுந்து அதைச் சூடாக்கும். பிறகு வெயிலை மூடிவிட்டு, அதே குழியை அதே சூட்டுக்கு மின்சாரத்தால் கொண்டுவருவார்கள். செலவான மின்சாரத்தை மிகத் துல்லியமாக அளக்க முடியும் என்பதால், வெயிலின் அளவும் தெரிந்துவிடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலக நாடுகளின் கருவிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, ஒரே சூரியனுக்கு முன் வரிசையாக நிறுத்தி ஒப்பிடப்படுகின்றன.

இந்தியாவில் இந்தச் சங்கிலியின் முக்கியக் கண்ணி புனேயில் இந்திய வானிலைத் துறையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம். அதன் பின்னால் இருக்கும் பெயர் அன்னா மாணி. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தவர். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாட்டில் கதிர்வீச்சு அளவை நிலையங்களின் வலையமைப்பு உருவானபோது அதன் பொறுப்பு அவருடையது. வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருக்காமல் அவற்றை இங்கேயே செய்யவும், செய்தவற்றை முறையாக ஒப்பிடவும் அவர் வழி வகுத்தார். நாடு முழுவதற்குமான சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேட்டை 1980இல் வெளியிட்டார். சூரிய மின்சாரம் வணிகமாவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, அந்த வணிகம் எந்த எண்களின் மேல் நிற்க வேண்டுமோ அவற்றை ஒருவர் பொறுமையாகத் திரட்டி வைத்திருந்தார் என்பது இத்துறையில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

அந்த வலையமைப்புக்கு முன் இந்திய நிலையங்களில் பரவலாக இருந்தது கண்ணாடிப் பந்து வெயில்பதிவுக் கருவி. பந்து குவிக்கும் ஒளி, பின்னால் உள்ள அட்டையில் கரிக்கோடு போடும். கோட்டின் நீளத்திலிருந்து அன்று எத்தனை மணிநேரம் வெயில் அடித்தது என்று தெரியும். எவ்வளவு ஆற்றல் வந்தது என்று தெரியாது. வெயில் மணிநேரத்திலிருந்து ஆற்றலைக் கணிக்க ஸ்வீடன் அறிஞர் ஆங்ஸ்ட்ரோம் 1924இல் ஒரு சூத்திரம் தந்தார். நெடுங்காலம் பல ஊர்களுக்கு அந்தக் கணிப்புதான் கிடைத்தது.

2010இல் தேசிய சூரிய மின்சக்தித் திட்டம் தொடங்கியபோது பழைய வலையமைப்பு போதவில்லை. முதலீட்டாளர்களுக்கு வேண்டியது, பாலைவன ஓரத்திலும் தக்காணக் கரட்டிலும் எடுத்த நிமிட அளவிலான தரவு. அந்த வேலை சென்னை பள்ளிக்கரணைக்கு வந்தது. இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்று அழைக்கப்படும் அமைப்பு, 2011இல் முதற்கட்டமாக 51 நிலையங்களை நிறுவியது. அடுத்த கட்டத்தில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு தூண்கள். ஒன்றரை மீட்டர் தூணில் சூரியனைத் தொடரும் இயந்திரமும் கதிர்வீச்சுக் கருவிகளும். 6 மீட்டர் தூணில் காற்று, வெப்பம், ஈரப்பதம் போன்றவற்றை அளக்கும் கருவிகள். தரவு முழுவதும் பள்ளிக்கரணை மையத்துக்கு வந்து சேரும். காற்றாலைக்குப் பெயர்பெற்ற நிறுவனமே இந்தியாவின் வெயில் கணக்கையும் எழுதத் தொடங்கியது தற்செயல் அல்ல. ஆளில்லா இடங்களில் தூண் நட்டு ஆண்டுக்கணக்கில் அளக்கும் அனுபவம் அவர்களிடம்தான் இருந்தது.

மேலிருந்து பார்ப்பது

மின்நிலையத்துக்குக் கடன் தரும் வங்கி, இருபத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று கேட்கும். அந்த இடத்தில் தரைக்கருவி வைத்து இருபது ஆண்டு காத்திருக்க யாராலும் முடியாது. அதனால் செயற்கைக்கோள் படங்கள் துணைக்கு வருகின்றன. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாகத் தெரியும் இன்சாட் வரிசைக் கோள்கள் அரைமணிக்கு ஒருமுறை நாட்டைப் படமெடுக்கின்றன. படத்தில் வெளுத்துத் தெரிவது மேகம். மேகம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதிலிருந்து தரைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஹைதராபாத் பாலாநகரில் தலைமையகம் கொண்ட தேசியத் தொலையுணர்வு மையமும் செயற்கைக்கோள் வழிக் கதிர்வீச்சுத் தரவுகளை வெளியிட்டிருக்கிறது.

கோள் மேகத்தை நன்றாகப் பார்க்கும். தூசியையும் மூட்டத்தையும் அவ்வளவு நன்றாகப் பார்க்காது. தக்காணத்தில் மார்ச் முதல் மே வரை மேகம் குறைவு, மூட்டம் அதிகம். இந்த மாதங்களில்தான் கோளின் கணக்கும் தரையின் அளவும் விலகும். அதனால் நல்ல நடைமுறை இது: தேர்ந்தெடுத்த இடத்தில் ஓராண்டாவது தரைக்கருவி வைத்து அளப்பது, அதே ஓராண்டுக்கான கோள் தரவோடு ஒப்பிட்டுப் பிழையின் போக்கைக் கண்டுபிடிப்பது, அந்தத் திருத்தத்தைக் கடந்த இருபது ஆண்டுத் தரவுக்குப் பொருத்துவது. அதிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கின்றன. பி50 என்பது பாதி ஆண்டுகளிலாவது எட்டக்கூடிய விளைச்சல். பி90 என்பது பத்தில் ஒன்பது ஆண்டுகளில் எட்டக்கூடியது. கடன் கொடுப்பவர் பி90ஐப் பார்ப்பார். தரையில் கவனமாக அளந்திருந்தால் இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளி குறையும். அதோடு கடனின் சுமையும் குறையும்.

களத்தில்

கர்நூல் பூங்காவின் பரப்பு சுமார் 24 சதுர கிலோமீட்டர். அதன் ஒரு மூலையில் மேகநிழல் விழும்போது மறுமூலையில் நல்ல வெயில் அடிக்கலாம். ஒரே ஒரு கருவியால் அத்தனை பரப்புக்கும் பேச முடியாது. சூரிய மின்நிலையக் கண்காணிப்புக்கான ஐ.இ.சி. 61724 தரநிலை, நிலையத்தின் திறன் கூடக்கூடக் கருவிகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும் என்கிறது. ஒரு கருவி மற்றொன்றிலிருந்து விலகிக் காட்டினால் எது தவறு என்று சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும் என்பது அனுபவம்.

வைக்கும் இடத்தில்தான் பாதிப் பிழை பிறக்கிறது. ஜி.எச்.ஐ. கருவியின் அடியில் உள்ள நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும். டிசம்பர் நண்பகலில் அது தெற்கே ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால், நேர்க்கதிர் ஒன்றரை சதவீதம் கூடுதலாகப் பதிவாகும். பி.ஓ.ஏ. கருவியின் சாய்வு, பக்கத்துப் பேனலின் சாய்வோடு அச்சு மாறாமல் பொருந்த வேண்டும். வரைபடத்தில் உள்ள சாய்வோடு அல்ல. சூரியனைத் தொடரும் பேனல் வரிசைகளில் கருவியும் அதே சுழலும் தண்டின் மேல் இருக்க வேண்டும். மின்கம்பம், இடிதாங்கி, வானிலைத் தூண் எதன் நிழலும் காலை மாலையில்கூட அதன் மேல் விழக் கூடாது.

கடிகாரமும் ஒரு கருவிதான். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, ஹைதராபாத் 78.5 பாகையில் இருக்கிறது. அதனால் அங்கே சூரியன் உச்சியை எட்டுவது சராசரியாக 12 மணி 16 நிமிடத்துக்கு. பூமியின் சுற்றுப்பாதையால் இது நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கும், பிப்ரவரி நடுவில் 12.30க்கும் என நகரும். மேகமற்ற ஒரு நாளின் கதிர்வீச்சுக் கோட்டை வரைந்து, அதன் முகடு இந்த நேரத்தில் வருகிறதா என்று பார்த்தால் போதும். அளவுகளைப் பதியும் தரவுப்பெட்டியின் கடிகாரம் பிசகியிருக்கிறதா, சாய்தளக் கருவி கிழக்கிலோ மேற்கிலோ ஒருக்களித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கருவியைத் தொடாமலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனை எளியது, செலவில்லாதது.

பிறகு தூசி. தெலங்கானாவின் செம்மண் கோடையில் பறக்கும். வாகனம் ஒன்று ஓடினாலே கண்ணாடியில் படியும். பறவை எச்சம் ஒரே துளியில் பல சதவீத வெயிலை மறைத்துவிடும். கண்ணாடியை வாரம் ஒருமுறையாவது, முடிந்தால் தினமும் காலையில், சுத்தமான நீராலும் மென்துணியாலும் துடைக்க வேண்டும். துடைத்த நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிமிடத்துப் பள்ளத்தை மேகம் என்று பின்னால் யாரோ எண்ணிவிடுவார்கள். உடலுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். தவறினால் மழைக்காலக் காலைகளில் கண்ணாடியின் உட்புறம் பனித்துப்போகும். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கருவியை இறக்கிக் காலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் சான்றிதழில் உள்ள புதிய உணர்திறன் எண்ணைத் தரவுப்பெட்டியில் பதிய வேண்டும். பழைய எண்ணை அப்படியே விட்டுவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு நிமிட அளவும் ஒரே விகிதத்தில் தவறாகும். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்தில் சுமார் 25 லட்சம் பேனல்களை ரோபோக்கள் துடைக்கின்றன. இந்த வழக்கம் இப்போது பல பெரிய நிலையங்களுக்குப் பரவிவிட்டது. ஆனால் ரோபோ தன் வரிசையில்தான் ஓடும். தூணின் மேல் இருக்கும் பைரனோமீட்டரை மனிதர்தான் ஏறித் துடைக்க வேண்டும். பேனல்கள் பளிச்சென்றும் கருவி அழுக்காகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எண்களில் பார்க்கலாம்.

ஒரு சதவீதத்தின் விலை

100 மெகாவாட் பேனல் திறன் கொண்ட ஒரு நிலையத்தில், ஒரு நாளில் சாய்தளத்தில் சதுர மீட்டருக்கு 5.8 யூனிட் வெயில் விழுகிறது என்று கொள்வோம். இழப்பே இல்லையென்றால் அன்று 5.8 லட்சம் யூனிட் கிடைத்திருக்க வேண்டும். மீட்டரில் 4.64 லட்சம் யூனிட் பதிவாகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 80 சதவீதம், துறையினர் பி.ஆர். என்று சொல்வது இதைத்தான். பேனலின் சூடு, தூசி, கம்பி இழப்பு, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் கழிந்த பின் நிலையம் எவ்வளவு நேர்த்தியாக ஓடுகிறது என்பதை இது சொல்கிறது. மேகமான நாளும் வெயிலான நாளும் இதில் ஒப்பிடத்தக்கவை ஆகின்றன. நிலையத்தைக் கட்டித்தரும் நிறுவனம் உறுதியளிப்பதும், தவறினால் இழப்பீடு கட்டுவதும் பெரும்பாலும் இந்த எண்ணின் பேரில்தான்.

இப்போது கருவியின் கண்ணாடியில் படிந்த தூசி 3 சதவீத வெயிலை மறைக்கிறது என்று வையுங்கள். 5.8 யூனிட் 5.63 ஆகப் பதிவாகும். அதே மின்சாரத்துக்கு பி.ஆர். 82.5 என்று காட்டும். நிலையம் முன்னேறியதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில் சில பேனல் வரிசைகள் உண்மையிலேயே பழுதாகி 2 சதவீத உற்பத்தி போயிருந்தாலும், அழுக்குக் கருவி அதை மறைத்துவிடும். மாறாக, கருவி கூடுதலாகக் காட்டினால் கட்டித்தந்தவர் செய்யாத குற்றத்துக்கு இழப்பீடு கட்ட நேரிடும். ஆண்டுக்குச் சுமார் 19 கோடி யூனிட் தரும் நிலையத்தில் 1 சதவீதம் என்பது 19 லட்சம் யூனிட். யூனிட் 2.50 ரூபாய் என்றாலும் அது 47 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தத் தொகையோடு ஒப்பிட்டால் ஒரு நல்ல பைரனோமீட்டரின் விலையும், அதைத் துடைப்பவரின் கூலியும் கணக்கில் வராத செலவு. அப்படியிருந்தும் பராமரிப்புப் பட்டியலில் இன்வெர்ட்டரும் மின்மாற்றியும் முதலிடம் பெற, கருவி கடைசிக்குத் தள்ளப்படுவது ஏற்கத்தக்கதல்ல.

வெயிலோடு பேனலின் சூட்டையும் சேர்த்தே அளக்க வேண்டும். பேனலின் பெயர்ப்பலகைத் திறன் 25 பாகை செல்சியஸுக்கு உரியது. தக்காணத்தின் ஏப்ரல், மே நண்பகலில் பேனலின் சூடு 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் வீதம் திறன் குறைந்தால், 35 பாகை வேறுபாட்டுக்கு 12 சதவீதம் போய்விடும். கோடையில் பி.ஆர். இறங்குவது நோய் அல்ல, இயல்பு. பேனலின் முதுகில் ஒட்டிய வெப்ப உணரியும் காற்றுவேகமானியும் இருந்தால்தான் இந்த இயல்பான இறக்கத்தைக் கழித்து, உண்மையான பழுதைப் பிரித்துக் காண முடியும்.

நீர்மேலும் தகட்டின் முதுகிலும்

ராமகுண்டத்தைப் போன்ற மிதக்கும் நிலையத்தில் அளவுகருவிக்கு அசையாத தரை கிடையாது. மிதவை அலையில் ஆடும்போது கருவியும் ஆடும். இருபுறமும் சமமாக ஆடினால் நிமிடச் சராசரியில் பெரும்பாலும் ஈடாகிவிடும். மிதவை ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்துவிட்டால் ஈடாகாது; சாய்வுப் பிழை நாள் முழுவதும் நீடிக்கும். அதனால் மிதவையில் உள்ள கருவியின் அளவைக் கரையில் உறுதியான மேடையில் உள்ள மற்றொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது பாதுகாப்பு. நீர்ப்பறவைகளுக்கு மிதவை பிடித்தமான இடம். கண்ணாடியை அடிக்கடி துடைக்கப் படகில்தான் போக வேண்டும். அனல் நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்கும் எந்தக் கருவிக்கும் சாம்பல்துகள் கூடுதல் கவலை.

புதிதாக வரும் இருமுகப் பேனல்கள் இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்திருக்கின்றன. இவை முன்பக்கத்தோடு, தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை முதுகிலும் வாங்குகின்றன. அந்த ஒளியை அளக்கத் தலைகீழாகப் பார்க்கும் பைரனோமீட்டர் வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டையும் சேர்த்து வைத்தால் தரை எவ்வளவு பங்கைத் திருப்புகிறது என்பது கிடைக்கும். வறண்ட வெளிர்மண் நன்றாகத் திருப்பும். மழைக்குப் பின் முளைக்கும் புல் குறைவாகத் திருப்பும். உச்சிவெயிலில் நீர்ப்பரப்பு மிகக் குறைவாகவே திருப்பும். பேனல் முதுகின் நடுவிலும் ஓரத்திலும் ஒளி ஒரே அளவில் விழாததால், முதுகுப்பக்க அளவு இன்னும் முழுமையாகச் சீர்படாத துறையாகவே இருக்கிறது.

பதினைந்து நிமிடக் கூறுகள்

மின்தொகுப்பு ஒரு நாளை 96 கூறுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 15 நிமிடம். மாநிலங்களுக்கிடையே மின்சாரம் அனுப்பும் சூரிய நிலையங்கள் ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு தருவோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், எல்லை தாண்டி விலகினால் கட்டணம் கட்ட வேண்டும் என்ற கட்டமைப்பை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் கொண்டுவந்தது. மாநிலங்களும் அதைப் பின்பற்றின. அதன் பிறகு பைரனோமீட்டரின் வேலை கூடிவிட்டது. நாளைய கணிப்பு வானிலை மாதிரிகளிலிருந்து வருகிறது. அடுத்த சில மணிநேரக் கணிப்பு செயற்கைக்கோள் படத்தில் மேகம் நகரும் திசையிலிருந்து வருகிறது. அடுத்த சில நிமிடங்களுக்கு வானத்தை முழுவட்டமாகப் படமெடுக்கும் கேமரா உதவுகிறது. மூன்றையும் திருத்துவது களத்திலிருந்து அந்தக் கணத்தில் வரும் கதிர்வீச்சு அளவு.

இங்கே ஒரு விந்தையும் பதிவாகிறது. ஹைதராபாத்தின் பருவமழை மாதங்களில், சிதறிய மேகத்தின் ஓரத்தில் சூரியன் எட்டிப்பார்க்கும்போது, நேர்க்கதிரோடு மேகத்தின் விளிம்பு திருப்பும் ஒளியும் சேர்ந்து, சில நொடிகளுக்கு 1,000 வாட்டைத் தாண்டி 1,200க்கு மேலும் போகும். கருவி பழுதல்ல, உண்மையான வெயில்தான். அடுத்த நிமிடமே மேகம் மூடி 300 வாட்டுக்கு இறங்கிவிடும். ஒரே இடத்தில் குவிந்த பெரிய நிலையத்தின் உற்பத்தி இந்த ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு அப்படியே பின்தொடரும். தெலங்கானாவைப் போல மாவட்டங்களெங்கும் பரவிய நிலையங்களில் ஓரிடத்து மேகம் மற்றோரிடத்து வெயிலால் ஈடாகிவிடுவதால், மாநிலத்தின் மொத்த உற்பத்தி மெதுவாகவே ஏறி இறங்கும். மின்தொகுப்பை நடத்துபவருக்கு இது வசதி. ஆனால் அளவைப் பணிக்கு இது சுமை. பெரிய பூங்காவில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பணியாளர் இருப்பார். 5 அல்லது 10 மெகாவாட் நிலையத்தில் இருப்பது ஓரிரு கருவிகள், அவற்றைத் துடைப்பவர் புல் வெட்டும் வேலையையும் பார்ப்பவர். மாநில அளவிலான கணிப்பு இப்படிப்பட்ட பல ஒற்றைக் கருவிகளின் அளவுகளைக் கூட்டித்தான் செய்யப்படுகிறது. அவற்றில் அழுக்கானவற்றைக் கண்டுபிடிக்க, அருகருகே உள்ள நிலையங்களின் தெளிந்த நாள் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவதும், விலகுவதை மட்டும் போய்ச் சோதிப்பதும் இன்றைக்குக் கைக்கெட்டிய முறை.